பூஜ்யத்துக்கு வராத முள்

செங் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை வாசலில் காவலர் அந்தச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது நான் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். அடித்தட்டில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. மேல்தட்டில், மடித்த செய்தித்தாளுக்குள், ஏழு கப்பாசிட்டர்கள். நான் சொல்லித்தான் அவர் திறந்தார். வரிசையில் பதினொரு பேர் எட்டிப் பார்த்தார்கள். டப்பாவுக்குச் சொந்தக்காரரான லீடர் அக்கா என்னை மட்டும் பார்த்து, "என்ன கியூசி, கணக்கு சரியாப் போச்சா?" என்று கேட்டார்.

தரக் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே என் பெயரே கியூசி. அக்கா மூன்றாவது லைனுக்கு லீடர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நாங்கள் செய்தது ஆம்ப்ளிஃபயர் பலகை. ஒவ்வொன்றிலும் ஐம்பத்தெட்டு உறுப்புகள். அவற்றில் நான் மிகவும் மதித்தது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்புக் கப்பாசிட்டரை. முதல் கட்டத்திலிருந்து இரண்டு சேர்ந்து வருகின்றன: அசையாமல் நிற்கும் மின்னழுத்தம் ஒன்று, அதன்மேல் ஏறி இறங்கும் பாட்டு ஒன்று. பாட்டைக் கடத்த வேண்டும். நிற்பதைத் தடுக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. தடுக்காமல் கசியவிட்டால் அடுத்த டிரான்சிஸ்டர் நிலை தவறும், குரல் கரகரக்கும், சூடேறும், ஒருநாள் கருகிப்போகும். கெட்டது ஓரிடம், கருகுவது வேறிடம். பழி எப்போதும் கருகிய இடத்தின்மேல்தான் விழும். பழுதாகித் திரும்பி வந்த பலகைகளுக்கெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்த பிள்ளைகள்தான் திட்டு வாங்கினார்கள்.

அந்தக் கப்பாசிட்டர்கள்தான் குறைந்தன. பலகைக்கு ஒன்று என்று காலையில் தட்டில் இருநூறு. மாலையில் முடிந்த பலகை நூற்றுத் தொண்ணூற்றைந்து, மிச்சம் ஒன்றுமில்லை. மறுநாள் ஆறு குறைந்தது. அடுத்த நாள் நான்கு. ஒன்பது நாள் எண்ணினேன். முதலில் ஸ்டோர்காரரைச் சந்தேகித்தேன். பிறகு துப்புரவுக்காரரை. பிறகு என் எண்ணிக்கையையே சந்தேகித்து இரண்டு தரம் எண்ணினேன். கடைசியில், லீடர் அக்காவின் தம்பி கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர் என்று யாரோ சொன்னார்கள். போதாதா? அக்கா தண்ணீர் குடிக்கப் போனாலும் எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். அவர் சிரித்தாலும் எதை மறைக்கச் சிரிக்கிறார் என்று யோசித்தேன். பத்தாம் நாள் காவலரிடம் சொன்னேன்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அக்கா மறுக்கவில்லை. "ஆமா, நாந்தான் எடுத்தேன். எல்லாம் ஒழுகுது. பலகை சூடானா மீட்டர் முள்ளு பூஜ்யத்துக்கு வரவே மாட்டேங்குது. கழட்டி ஸ்டோர்ல குடுத்தா, ஆறினப்புறம் டெஸ்ட் பண்ணிட்டு, நல்லதுன்னு மறுபடியும் தட்டுலயே கொட்டுறான் லா. அதான் வெளிய கொண்டுபோய்ப் போட்டேன்" என்றார்.

ஸ்டோரில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது உண்மை. அது எனக்கும் தெரியும். முன்பு எடுத்தவை எங்கே என்று மேனேஜர் கேட்டார். எஸ்டேட் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார் அக்கா. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை என்பதைப் போல.

"சுட வெச்சுப் பாரு கியூசி. ஒரே ஒருவாட்டி" என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "வூட்டுல ரெண்டு பிள்ளை படிக்குது."

என் சோதனைப் படிவத்தில் அறைவெப்பத்தில் சோதிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. மேனேஜர் கேட்டதும் அதையே படித்துக் காட்டினேன். ஏழு கப்பாசிட்டர்களையும் குளிரூட்டிய அந்த அறையிலேயே சோதித்தேன். ஏழும் தேறின. அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அக்காவை ஏற்றவில்லை. திருட்டு என்று எழுதி அனுப்பியதால், செங்கில் வேறெந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுவாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா மேனேஜரை ஏமாற்றியதை நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் அந்த ஏழையும் எடுத்தேன். நல்லெண்ணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பலகையில் பொருத்தி, சூடேறவிட்டு, மீட்டரை வைத்தேன். முள் எழும்பியது, இறங்கியது, பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. மீட்டரைச் சந்தேகித்து வேறொன்றை எடுத்துவந்தேன். அதுவும் அங்கேயே நின்றது. ஏழில் ஆறு கசிந்தன. ஒன்று மட்டும் சுத்தம்.

முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் படியேறினேன். பதினான்கு படிகள். ஒன்பதாவது படியில் நின்றேன். திரும்பி வந்த பலகைகள் அத்தனையின் படிவத்திலும் 'தேறியது' என்று கையெழுத்திட்டவன் நான். அக்கா சொன்னது சரியென்றால் அடுத்து விசாரணையில் அவர் இடத்தில் யார் உட்காருவார்? ஏழாவது நல்லதாயிற்றே, நல்லதை ஏன் எடுத்தார் என்று என்னையே கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடத்தையும் ஓட்டினேன்.

போன மாதம் செங் பாசார் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "கியூசிதானே? இன்னும் கெம்போங் மீனைக்கூட எண்ணித்தான் வாங்குறியா லா?"

லீடர் அக்கா. முடி முழுக்க நரைத்திருந்தது. லூபோக் சீனா என்ற ஊரில் மகளோடு இருப்பதாகச் சொன்னார். ஏன் இவ்வளவு சிரித்துப் பேசுகிறார் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பேச்சை நிறுத்தத்தான் சொன்னேனோ என்னவோ, சொல்லிவிட்டேன்: "அக்கா, அந்த ஏழுல ஆறு ஒழுகுச்சு."

"எப்பப் பாத்தே?"

"நீங்க போன மறுவாரம்."

அக்கா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். மீன்காரர் இரண்டு தரம் விலை சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

"மிச்சம் ஒண்ணு?"

"அது நல்லது."

"சரி. அதை நான் திருடுனதாவே வெச்சுக்க. அந்த ஆறை இதுவரைக்கும் எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கே?"

நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. "உங்ககிட்டதான் அக்கா."

அவர் ஒரு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒண்ணு" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.