கோடு போட்ட கட்டம்

என் சித்தப்பாவின் சிறுநீரகம் கெட்டதற்கு வெயில் ஒரு காரணம். அது காலம் கடந்து தெரியவந்ததற்கு நான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என் தொழிலில் நிறைய வழி இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் எனக்குப் புள்ளிவிவர வேலை. ஒரு நோய் எதனால் வருகிறது என்று பார்க்க ரிக்ரஷன் என்று ஒரு வழி உண்டு. சூத்திரத்தின் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் நாம் சந்தேகப்படும் காரணங்கள். அந்தக் காரணங்களின் பெயர்களைக் கணினி நிரலின் தொடக்கத்தில் ஒரு பட்டியலாக எழுதிவைத்துவிட்டால், நடுவில் கூட்டல் குறி போட்டு ஒட்டிச் சூத்திரமாக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். பத்துச் சூத்திரம் இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான். அதில் ஒரு சொல்லைச் சேர்த்தால் பத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சோம்பேறிகளுக்கென்றே செய்த வசதி இது. நான் அதை ஒழுங்கு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் இந்தப் பக்கத்துக் கூலிக்காரர்களின் சிறுநீரக நோயைப் பற்றி ஆய்வு செய்ய வந்தபோது, நானாகப் போய்க் கேட்டு அதில் சேர்ந்தேன். என் நைனா அந்த நோயில்தான் போனார். அவரோடு ஒன்றாகக் கரும்பு வெட்டி, ஒன்றாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய அவருடைய தம்பி, என் சித்தப்பா, அப்போதும் தினமும் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆய்வில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை முகாமை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவு செய்வார்கள். அது எங்கள் காலனிக்கு வந்தே தீரவேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். புள்ளிவிவரக்காரி அப்படி முடிவு செய்யக் கூடாது. செய்தேன்.

சிங்கவரம் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். என்னோடு இரண்டு பெண்கள். ரத்தம் எடுக்கத் தனியாக ஒரு நர்ஸ் வந்து, பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டு போனார். மற்ற வீடுகளில் அறிகுறிகளைக் கேட்டு, நோய் உண்டா இல்லையா என்று நாங்களே படிவத்தில் குறித்தோம். படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, சொந்த நிலம் எவ்வளவு என்பது. ஊர்த்தெருவில் அந்தக் கேள்விக்கு ஏக்கர், சென்ட் எல்லாம் சுத்தமாக வந்தது. சிலர் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். எங்கள் காலனியில் முதல் வீட்டிலேயே, என்னோடு பள்ளியில் படித்தவனின் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"கேலி பண்றியாம்மா? நீயும் இந்தத் தெருதான?"

எனக்குக் காது சுட்டது. வெளியே வந்ததும் அந்த இரண்டு பெண்களிடமும் சொன்னேன். காலனி வீடு என்றால் ஒன்பதாவது கேள்வியைக் கேட்க வேண்டாம், கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். அதை ஒரு மரியாதை என்று நினைத்தேன். இல்லாதவரைப் பார்த்து உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

சித்தப்பாவிடம் நானே போனேன். நர்ஸ் ரத்தம் எடுத்த வீடுகளில் அவர் வீடு இல்லை. ஏழு மணிக்குக் கழனியில் இறங்கினால் மூன்று மணிக்கு ஏறுவேன் என்றார். ஒரு பாட்டில் தண்ணீர். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஒன்பதில் கோடு போட்டேன்.

"என்னையும் அதுல சேத்துக்கினியா பாப்பா?"

"சேத்துட்டேன் சித்தப்பா."

விவரங்களைக் கணினியில் ஏற்றும்போது அந்தக் கோடுகள் எல்லாம் வெற்றுக் கட்டங்களாயின. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் என் பட்டியலில் ஐந்து சொற்கள் இருந்தன. வயது, ஆணா பெண்ணா, வெயிலில் நிற்கும் நேரம், குடிக்கும் தண்ணீர், வலி மாத்திரை. நிரலை ஓட்டியதும் வெயில் நிமிர்ந்து நின்றது. வெயிலில் நிற்கும் நேரம் ஏற ஏற நோயும் ஏறியது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். பேராசிரியர் போனில் நிதானமாகக் கேட்டுவிட்டு, "வசதியைக் கணக்கில் எடுத்தீர்களா? வெயிலில் நிற்பவர்கள் ஏழைகள். வறுமையின் வேலையை வெயில் மேல் போட்டுவிடப் போகிறோம். நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள்" என்றார். நியாயமான கேள்வி. இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பட்டியலில் ஆறாவதாக நிலம் என்று சேர்த்தேன். ஒரே சொல்தான். எல்லாச் சூத்திரத்திலும் போய் உட்கார்ந்தது. மறுபடி ஓட்டினேன். வெயில் படுத்துவிட்டது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. முடிவுக்குக் கீழே, யாரும் படிக்காத இடத்தில், மென்பொருள் ஒரு வரி எழுதும். விவரம் விடுபட்டதால் இத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்று. பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு விவரம் ஒருவருக்கு இல்லையென்றால், மற்றதெல்லாம் இருந்தாலும் அந்த ஆளையே அது விட்டுவிடும். சண்டை போடாது, சத்தமும் போடாது. ஒளித்தும் வைக்காது, எத்தனை பேரை விட்டேன் என்று எழுதிவைக்கும். நான் அந்த வரியைப் படிக்கவில்லை. மாநிலம் முழுக்க எத்தனையோ பேருக்கு அந்த வரியைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மேலே தெரிந்த எண்ணோடு மூடிவிட்டேன்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தனியான ஆபத்து எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை போயிற்று. முகாம் வேறு பக்கம் போயிற்று.

சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கேம்ப் எப்போது என்று கேட்டார். இங்கே வராது, நம் பக்கம் அப்படியொன்றும் தெரியவில்லை என்று சொன்னேன்.

"அப்ப பயம் ஒண்ணும் இல்லன்றியா? நீயே பாத்துட்டல்ல?"

"நானேதான் பாத்தேன்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் வாயால் வந்த நிம்மதி. அண்ணன் செத்ததிலிருந்து அவர் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அதற்கப்புறம் கால் வீங்கியபோது உப்பைக் குறைத்தார், வாந்தி வந்தபோது பித்தம் என்றார். பரிசோதனைக்குப் போ என்று சித்தி நச்சரித்தபோதெல்லாம், "பாப்பாவே பாத்துச் சொல்லிடுச்சி" என்றுதான் சொன்னாராம்.

மல்லாட்டை பிடுங்கும்போது கழனியிலேயே விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்துக்கு டயாலிசிஸ்.

அந்த வாரம்தான் கோப்பைத் திறந்து சித்தப்பாவின் வரிசையைத் தேடினேன். தாளில் இருந்தார். கணக்கில் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் இல்லை, கீழே இருந்தவர்களும் இல்லை. எங்கள் காலனி முழுக்க இல்லை. மற்ற ஊர்க் காலனிகளும் இல்லை. நிலமில்லாத அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டு, நிலம் உள்ளவர்களை வைத்து வெயிலின் கொடுமையை அளந்திருக்கிறேன். நாள் முழுக்க வெயிலில் நிற்பவர் அந்தக் கணக்கில் யார் இருந்தார்கள்? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பட்டியலுக்கு மேலே ஒரு வரி எழுதினேன். நிலம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் பூஜ்யம் என்று கொள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். வெயிலும் எழுந்து நின்றது. நிலத்தைச் சேர்த்த பிறகும் நின்றது.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். தவறை ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றும், திருத்திய அறிக்கையை அனுப்புவதாகவும், முகாம் இடங்கள் முடிவாகிவிட்டதால் அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றும் பதில் வந்தது. மரியாதையான கடிதம்.

சித்தப்பாவிடம் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். விழுப்புரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ராஜகிரிக் கோட்டைப் பாறைகளில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழலாகப் பார்த்து அவரை உட்கார வைத்திருந்தேன். பட்டியல், கட்டம், கோடு, எல்லாம் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். கடைசிப் பாதி நன்றாகவே புரிந்தது.

"ஏன் பாப்பா, அந்தக் கேள்விய எங்கிட்ட கேக்கல?"

"சங்கடமா இருந்துச்சி சித்தப்பா. ஒன்ன எப்டி கேக்கறது?"

அவர் வீங்கிய பாதத்தைச் செருப்பிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்பேன். அதுல எனக்கு இன்னா வெக்கம்? நானா வித்துத் தின்னுட்டேன்? ஒனக்குத்தான் வெக்கமா இருந்துக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வந்தது. ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம் ரோட்டைத் தாண்டியபோது, "இப்ப அதுல நான் இருக்கறனா?" என்று கேட்டார். இருக்கிறாய் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பங்குனி வரை இருந்தார்.

அடுத்த சுற்றுக்குப் படிவம் வந்தது. இந்த முறை எந்தக் கேள்வியையும் தாண்டக் கூடாது என்று என்னோடு வந்த பெண்களிடம் சொல்லிவிட்டு, எங்கள் தெருவை நானே எடுத்துக்கொண்டேன். சித்தி கழனியிலிருந்து அப்போதுதான் வந்து, தலைத் துணியை அவிழ்க்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். வயது கேட்டேன். வெயிலில் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஏழிலிருந்து மூன்று, இப்போது சித்தப்பாவின் கூலியும் இல்லாததால் சில நாள் நான்கு வரை என்றார். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது என் குரல் இறங்கியது. இருந்தாலும் கேட்டேன்.

"சொந்த நெலம் எவ்ளோ சித்தி?"

"இல்ல" என்றார். "எழுதிக்கோ."

பூஜ்யம் என்று எழுதினேன்.