அவர் முன்னால் நொண்டாதவள்

நான் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தபோது எனக்கு முன்பே அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, நாலு கால். என் வீட்டுக்காரர் அவளை "அம்மணி" என்று கூப்பிடுவார். என்னை "ஏ புள்ள" என்பார். சேலத்திலிருந்து ஆசை ஆசையாக மலையேறி வந்த புதுப்பெண்ணுக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்? காலையில் எழுந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போவார். அவள் கழுத்தைத் தடவிவிட்டு, காதோரம் என்னவோ பேசிவிட்டு, அப்புறம்தான் அடுப்படிக்கு வந்து டீ கேட்பார். "உங்க மூத்த சம்சாரத்துகிட்டயே கேட்டு வாங்கிக் குடிங்க" என்பேன். சிரிப்பாரே தவிர வழக்கத்தை மாற்றிக்கொண்டதில்லை. எழுபதுகளின் கடைசியில் என் குடித்தனம் இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்களுக்கு ஒண்டிக்கடைப் பகுதியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை. பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் தகரக் கொட்டகை. பஸ் போகாத ஊர்களுக்கு என் வீட்டுக்காரர் குதிரை மேல் பொதி ஏற்றிக்கொண்டு போவார். உப்பு, கருவாடு, புகையிலை, மண்ணெண்ணெய் எல்லாம் செம்மநத்தம் பக்கம் போகும். திரும்பும்போது ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் வரும். அவள் மட்டக்குதிரைதான், உயரம் கிடையாது. ஆனால் அந்தச் சின்ன உடம்பு சுமக்கிற சுமையைப் பார்த்தால் நமக்கு முதுகு வலிக்கும்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். மழை விட்ட மறுநாள். பாதி வழியில் பனி இறங்கி, முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. இவர் கயிற்றை விட்டுவிட்டு அவள் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் அவள் முன்காலை வைத்தாள், எடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். இவர் தட்டினார், அதட்டினார், கெஞ்சினார். ம்ஹூம். கடைசியில் இவர் ஒரு கழியை எடுத்துப் பாதையோரத்தைக் குத்திப் பார்க்க, மண் பொலபொலவென்று பள்ளத்தில் சரிந்தது. அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி மேட்டுப் பக்கமாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனாள். அன்றைக்கு என் வாய் அடங்கியது. வீடு வந்ததும் ஒரு துண்டு வெல்லத்தை நானே கொண்டுபோய் நீட்டினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்தபோது அவள் வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்தாள். முள்ளோ கல்லோ என்று பார்த்தோம், இல்லை. சேலத்தில் லாடம் அடிக்கிறவரிடம் இவர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார். அவர் பழைய லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவிப் பார்த்துவிட்டு, குறை குளம்பில் இல்லை என்றார். கடைசியில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். குளம்புக்கு மேலே மூட்டில் எலும்பு வளர்கிறதாம். "இது போகாதுங்க பாய். வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான். சுமை மட்டும் ஏத்தாதீங்க" என்றார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டாக்டர் தெருமுனையைத் தாண்டியதும், "அவருக்குப் பொதிக்குதிரையப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

இவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சும்மா நடக்கும்போது நொண்டுகிற குதிரை, சேணம் கட்டிப் பொதி ஏற்றினால் கொஞ்ச தூரத்திலேயே நேராக நடந்தது. நானே பார்த்தேன். காலையில் விந்தி விந்தி வருவாள். உப்பு மூட்டை ஏறியதும் தலையை நிமிர்த்துவாள். நாலு காலும் ஒரே தாளத்தில் விழும். இதைப் பார்த்து இவர் ஒரு முடிவுக்கு வந்தார், சுமைதான் மருந்து என்று. பொதி ஓட்டுகிற ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வைத்தியம். கடை அடைக்கிற வெள்ளிக்கிழமைகூட, ஜும்மா தொழுதுவிட்டு வந்து, விற்காத உப்பு மூட்டையை அவள் மேல் ஏற்றி ஏரியைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார். வைத்தியம் பண்ணுகிறாராம்!

அதற்கு ஊரும் ஒத்து ஊதியது. கடைக்கு வருகிற தோட்டக்காரர் ஒருவர், "ஏனுங்க பாய், காத்தால நொம்ப நொண்டிக்கிட்டுக் கெடந்துச்சு, இப்ப என்னமோ ராணியாட்டப் போவுதுங்களே!" என்றால், இவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். "சுமைதானுங்க மருந்து. டாக்டருக்குச் சொன்னாப் புரியாது."

நாளாக நாளாக, பொதி இல்லாதபோதுகூட இவர் முன்னால் நொண்டுவதை அவள் விட்டுவிட்டாள். ஆனால் என்னிடம் நொண்டினாள். வஞ்சனை இல்லாமல் நொண்டினாள். நான் கொள்ளுத்தண்ணி எடுத்துக்கொண்டு போனால், காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தி வந்து, என் தோளில் தாடையை வைத்து நீளமாக மூச்சு விடுவாள். "அவர்கிட்ட மினுக்கிட்டுத் திரியறே, எங்கிட்ட மட்டும் நாடகமா?" என்று திட்டுவேன். திட்டிக்கொண்டே நொச்சி இலையை வேகவைத்து ஒத்தடம் கொடுப்பேன், விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றுவேன். என் புடவையெல்லாம் நொச்சி வாசம். பிள்ளைகள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் இவர் செம்மநத்தத்திலிருந்து திரும்பி வந்தார். பொதியை இறக்கினார், கழுத்தில் தட்டிக்கொடுத்தார், மக்ரிப் தொழ நேரமாகிறது என்று கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வீட்டுக்குள் போனார். நான் தண்ணீர் வாளியோடு கொட்டகைச் சந்தில் நின்றிருந்தேன். அவள் நாலு காலையும் ஊன்றி நின்றாள். காது மட்டும் இவர் போன பக்கம் திரும்பியிருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உடனே அந்தக் கால் மேலே வந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. பல்லை நறநறவென்று கடித்தாள். வயிற்றிலிருந்து வேர்வை சொட்டியது.

இவர் துண்டை மறந்துவிட்டார் போலிருக்கிறது. மறுபடி கதவு திறந்தது, செருப்புச் சத்தம் வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த கால் தரையில் இறங்கியது. இவர் வந்து துண்டை எடுத்துக்கொண்டு, அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போகிறவரைக்கும் அவள் அசையவில்லை. இவர் போனதும் கால் மறுபடி மேலே போனது. அடிப் பாதகத்தி! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே சொன்னேன். நம்பினால்தானே? "உனக்கு அவ மேல எப்பவும் ஒரு கண்ணு" என்றார். "ஆமாமா, சக்களத்திச் சண்டை. நொச்சி இலை வேக வெச்சு வெச்சு என் கை வெந்து கெடக்குது பாருங்க" என்று கையை நீட்டினேன். வார்த்தை முற்றிவிட்டது. மறுநாள் சாயங்காலம் நான் சொன்னேன், "ஒண்ணும் பேச வேண்டாம். பொதிய இறக்கிட்டு உள்ள வாங்க. கதவச் சாத்திட்டு, செருப்பக் கழட்டிட்டு, அடுப்படி ஜன்னல்கிட்ட நில்லுங்க. நான் சொன்னது பொய்யின்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிர்றேன்." இவர் கேலியாகச் சிரித்துக்கொண்டேதான் ஜன்னலுக்கு வந்தார்.

பார்த்தார். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"எத்தன நாளா புள்ள?"

"நீங்க மருந்து கண்டுபுடிச்ச நாள்ல இருந்து" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் டாக்டரைத் தேடி இருவரும் போனோம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த நோயில் நடக்க நடக்க மூட்டு சூடேறிக் கொஞ்சம் இளகும், அதனால் நேராக நடப்பது போலத் தெரியும் என்றார். அதோடு குதிரைக்கு வலியை மறைக்கிற குணமும் உண்டாம். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். "அப்படின்னா எங்கிட்ட ஏனுங்க டாக்டர் மறைக்கல?" என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, இனிமேல் சுமை கூடாது, அப்படியும் நோய் ஏறிக்கொண்டேதான் போகும், தாங்க முடியாத கட்டம் வந்தால் ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அவளுக்கு நாம் செய்கிற நல்லது என்றார். எப்போது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் போய் நின்னா நாலு காலும் ஊணியில்ல நிப்பா?"

"உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டாஞ் சாமி" என்றேன். "அவ உசுருக்கு நாள் குறிக்கிற வேலை எனக்கு வேண்டாம்." பொய்யில்லை, எனக்குப் பயமாக இருந்தது. கடை வாசலுக்கு வந்ததும் இவர், "அவளே எங்கிட்டச் சொல்லட்டும். எம் முன்னால மறைக்காம இருக்க அவளப் பழக்கிப்போடறேன்" என்றார்.

அதற்குப் பிறகு இவரை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அவள் முதுகில் ஒரு தீப்பெட்டிகூட ஏற்றவில்லை. நாகலூர் பஸ்ஸில் முடிந்தவரை சாமான் கொண்டுபோனார். பஸ் நின்ற இடத்திலிருந்து தலையில் சுமந்து நடந்தார். "குதிரைய ஊட்ல உக்கார வெச்சுப்போட்டுப் பாய் பொதி சொமக்கறாருங்கோவ்!" என்று கடைத்தெருவில் கிண்டல் பண்ணாத ஆளில்லை. "இத்தன வருசம் அவ சொமந்தா. இப்ப என் முறை" என்பார். கடையில் அரைப்படிக்கு மேல் ஒரு பிடி கூடுதலாகப் போட மனசு வராத மனுஷன் சொல்கிற பேச்சா இது?

சாயங்காலம் ஆனால் கொட்டகையில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒத்தடம் கொடுக்கிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அந்தக் காலைத் தடவிக்கொண்டே கெஞ்சுவார். "நொண்டு அம்மணி. எம் முன்னால நொண்டுனா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டே. வலிக்குதுல்ல? தூக்கு கால." அவளோ அரண்மனைக் காவல்காரி மாதிரி விறைத்து நிற்பாள். குதிரையிடம் நொண்டச் சொல்லி மன்றாடுகிற ஆண்பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அடுப்படி ஜன்னலில் நின்று சிரிப்பேன், கண்ணைத் துடைப்பேன், மறுபடி சிரிப்பேன். இவ்வளவு வீம்பு பிடித்த ரெண்டு ஜீவன்களோடு குடித்தனம் பண்ண எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

சுமை நின்றதில் அவளுக்குக் கொஞ்சம் தேறியது. வெயில் அடிக்கிற பக்கமாக நின்றுகொண்டு ஆரஞ்சுத் தோலைத் தின்பாள். இரண்டு மழைக்காலம் அப்படி ஓடியது. மூன்றாவது மழையில் படுத்தால் எழுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். கொள்ளை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் போனால் அந்தக் காலைக் கீழே வைப்பதே இல்லை. "ஏனுங்க, கொஞ்சம் பாருங்க" என்று இவரிடம் சொன்னேன். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கிட்ட இன்னும் சொல்லலியே" என்பார். இவர் உள்ளே நுழைந்ததும் அவள் எப்படியோ எழுந்து நாலு காலையும் ஊன்றிவிடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது.

மழை ஓய்ந்த ஒரு காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து சத்தம் போட்டார். "ஏ புள்ள! ஓடியா! நொண்டறா! என்னையப் பாத்துக்கிட்டே நொண்டறா!"

எங்கள் மூத்தவன் பிறந்த அன்றைக்கு இருந்த அதே குரல். நான் கரண்டியோடு ஓடினேன். அவள் மூலையிலிருந்து மூன்று காலில் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள். வலது கால் காற்றில் தொங்கியது. இவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வந்து நெற்றியை இவர் நெஞ்சில் வைத்து, பாரம் முழுவதையும் இவர் மேல் சாய்த்தாள். இவர் ஓர் அடி பின்னால் போய், சுவரில் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பாத்தியா? பாத்தியா புள்ள?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "பாத்தேன், பாத்தேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் சொன்னது என்ன என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

அவள் காதில் முகத்தை வைத்தபடியே இவர் சொன்னார், "நீ போய் டாக்டரக் கூட்டியா. நான் இப்பிடியே நிக்கறேன்."

நான் மாட்டாஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன், டாக்டரிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. டாக்டரோடு திரும்பி வந்தபோது இவர் சுவரில் சாய்ந்த இடத்திலேயே நின்றிருந்தார். அவளும் இவர் மேல் சாய்ந்தபடியே இருந்தாள். டாக்டர் பையைக் கீழே வைத்ததும், பள்ளிக்கூடத்தில் பிள்ளை பரிசு வாங்கினால் அப்பன் சொல்வானே, அந்தக் குரலில் இவர் சொன்னார்:

"அப்பத் தூக்குன காலுங்க டாக்டர். எங்கிட்ட மறைக்கறதுக்குன்னு ஒருக்காக்கூடக் கீழ வெக்கலீங்க."