காலர் அக்காவின் ஷட்டர்

அந்தத் தீவுக்கு நான் போனது கடலுக்காக அல்ல. கடல் எங்கே போனாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நான் போனது சுவர்களைப் பார்க்க. படகுத்துறையை ஒட்டிய தெருக்களில் மதில், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம் என்று ஒன்றையும் விடாமல் படம் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். எல்லோரும் தேடிப் போவது ஒரு தையல்கடை ஷட்டரில் இருக்கும் நீல ஆக்டோபஸை. ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் இஞ்ச் டேப், இன்னொன்றில் இஸ்திரிப் பெட்டி, முகத்தில் கல்யாண வீட்டு டென்ஷன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தால் ஆக்டோபஸைக் காணோம். ஷட்டர் மேலே சுருண்டிருந்தது. உள்ளே ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். என் கையில் காமிராவைப் பார்த்ததுமே எழுந்தார்.

"சாத்தணுமா சார்? சட்டுனு எடுத்துக்குங்க. உள்ள புழுங்கும்."

"நீங்க வெளிய வந்து நில்லுங்களேன்."

"வெளிய நின்னா படத்துல விழுறேன், ஒதுங்குன்னுவாங்க. உள்ள இருந்தா ரெண்டு தையலாவது ஓடும்."

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. படம் எடுத்தேன். ஆக்டோபஸின் வயிற்றுக்குள்ளிருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஷட்டர் ஏறியதும், வார் அறுந்துபோன காமிராப் பையை நீட்டி, தைக்க முடியுமா என்று கேட்டேன்.

"தைக்கவா வந்தீங்க?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தெருவில் அவருக்குக் காலர் அக்கா என்று பெயர். சட்டைக் கம்பெனியில் வருஷக்கணக்காகக் காலர் மட்டுமே தைத்தவர். கையை ஒருத்தி தைப்பாள், பாக்கெட்டை ஒருத்தி தைப்பாள். முழுச் சட்டையை இவர் பார்ப்பது பஸ்ஸில் யாராவது போட்டுக்கொண்டு வந்தால்தான். ஒரு சட்டையையாவது முழுசாக நானே தைக்கவேண்டும் என்ற வெறியில் வேலையை உதறிவிட்டு இந்தக் கடையைத் திறந்தார். படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தம்பி, அக்காவுக்குப் பரிசாக ஷட்டரில் ஆக்டோபஸை வரைந்தான். அது பிய்த்துக்கொண்டு போனது. லாட்ஜ்காரர்கள் தம்பியைத் தேடி வந்து தங்கள் சுவர்களைக் கொடுத்தார்கள்.

தம்பிக்குப் பிழைப்பு வந்தது, அக்காவுக்குப் போக ஆரம்பித்தது.

"போன்ல என் கடையத் தேடிப் பாருங்க" என்றார். தேடினேன். கணக்கில்லாத படங்கள், எல்லாவற்றிலும் இறங்கிய ஷட்டர். யாரோ ஒரு புண்ணியவான் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று வேறு போட்டு வைத்திருந்தான்.

"உலகம் பூரா என் கடை மூடிதான் இருக்கு சார். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுத் துணி மொத்தமா கைய விட்டுப் போச்சு. கேட்டா, நீங்கதான் கடைய மூடிட்டீங்களேங்கிறாங்க. இப்படியே போனா திரும்பக் கம்பெனிக்குத்தான் போகணும்."

"தம்பிகிட்ட சொல்லலையா?"

"அவன் உருப்படியா செஞ்ச முதல் காரியமே அதுதான். எந்த வாயால சொல்றது? நீங்களும் உளறி வைக்காதீங்க."

உளறி வைத்தேன். சாயங்காலம் படகுத்துறையில் தம்பியைப் பார்த்தேன். ஒரு படகுக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தான். "எங்கக்கா கடையில நல்ல கூட்டம், பாத்தீங்களா?" என்று அவன் பூரிப்பாகக் கேட்டபோது எனக்கு நாக்கு நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெயின்ட் தன் காலில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றான்.

"அது கடைக்கு வர்ற கூட்டம்னுல்ல நெனச்சேன்."

மறுநாள் கடைக்கு லீவு. வெள்ளை பெயின்ட்டும் பிரஷுமாக வந்தவன், ஆக்டோபஸை ஒரு கை விடாமல் அழித்தான். படமெடுக்க வந்த ஒரு ஜோடி பதறியது.

"ஐயோ, இதப் போய் ஏங்க அழிக்கிறீங்க?"

"ஆக்டோபஸ் வேற செவுத்துலயும் வரும்ங்க" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

பொழுது சாய்வதற்குள் அந்த ஷட்டரில் ஒரு கடை திறந்துவிட்டது. மிஷின், தொங்கும் சட்டைகள், குனிந்து தைக்கும் அக்கா. எல்லாம் பெயின்ட்டில், அச்சு அசல்.

அடுத்த நாள் காலையில் சாவியோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க வாயைத்தான் மொதல்ல தைக்கணும் சார்." வாங்கிக்கொண்டேன். பிறகு பக்கத்தில் நின்ற தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குச் சோறு போட்டதே அதுதானேடா. ஏன்டா அழிச்ச?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கடை தொறந்திருக்கட்டும்க்கா."

"நான் இவ்ளோ குண்டாவாடா இருக்கேன்?" என்று கேட்கும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அதற்குள் துணி மூட்டையோடு ஒரு வயதான அம்மா எங்களை விலக்கிக்கொண்டு போய் ஷட்டர் முன்னால் நின்றார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் போல.

"ஏம்மா, கொஞ்சம் நிமிரு. பேரனுங்க எல்லாருக்கும் சட்டை தைக்கணும், முடியுமா?"

"தாராளமா முடியும்மா" என்றார் அக்கா, பின்னாலிருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த அம்மா திரும்பி இவரைப் பார்த்தார். மறுபடி ஷட்டரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இருக்கீங்களா? அப்ப சீக்கிரமே குடுத்துருவீங்க."