பன்னிரண்டாம் எண் கல்

சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அழகர்கோவில் சாலையில் இருக்கும் ஒரு பழைய நந்தவனத்தைப் பார்த்துவிட்டு, மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டிக்கு முன்னால் புதிதாக வந்திருக்கும் சிற்பப் பூங்காவுக்குப் போய்வருவது என்று திட்டம். விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து காலை 6.40க்குக் கிளம்பினோம். இருபத்தேழு வருடங்களாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அதனால் நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது.

கார் என் நண்பனுடையது. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், இப்போது திருநகரில் இருக்கிறான். அவன் மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. முன்னால் நாங்கள் இருவர். பின்னால் என் மனைவி, மடியில் புளியோதரைத் தூக்கோடு.

இந்தப் பயணத்துக்கு உள்ளே இன்னொரு காரணம் இருந்தது. அது நண்பனுக்குத் தெரியாது.

எங்கள் ஒரே மகள், இரண்டு வருடங்களுக்கு முன் கிடைத்த பொறியியல் இடத்தை விட்டுவிட்டுச் சிற்பக்கலை படிக்கப் போனாள். நான் சம்மதிக்கவில்லை. என் தாத்தாவும் அப்பாவும் கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் சாலையோரம் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். நான் கல்லைத் தொடக் கூடாது என்பதற்காகவே அப்பா என்னைப் படிக்க வைத்தார். நான் அரசு அலுவலகத்தில் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். என் மகளோ உளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நான் என்ன செய்வது?

நான் செய்தது இதுதான். அவள் கட்டடக்கலை படிப்பதாக உறவிலும் அலுவலகத்திலும் சொல்லி வைத்தேன். நண்பனிடமும் அதே பொய். இது மகளின் காதுக்குப் போன நாளிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சாப்பாடு, கட்டணம், காய்ச்சல், எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

அந்தச் சிற்பப் பூங்காவில் மாணவர்களுக்கு ஒரு மாத முகாம் நடந்துகொண்டிருந்தது. செய்து முடித்தவற்றை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். முதல் நாள் மாலை மகள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதாக என் மனைவி என்னிடம் சொன்னாள்: “பின்னாடி கொட்டகையில வேலை பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்பா என் கல்லைக் கண்டுபிடிச்சா, அவரே வந்து என்னைக் கூப்பிடட்டும். இல்லைன்னா பார்த்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை.”

கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். நண்பன் கண்ணில் படாமல் கொட்டகைக்குப் போய் வருவது எப்படி என்பது மட்டும்தான் கவலை.

நத்தம் சாலைச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் நண்பன் ஆரம்பித்துவிட்டான்.

“மாப்ள, உன் மக லீவுக்கு வந்தா ஒரு எட்டு நம்ம வீட்டுக்கு அனுப்பு. மாடி எடுக்கணும். இஞ்சினியருக்கு எதுக்கு அழுகணும், நம்ம புள்ளையே பிளான் போடட்டும்.”

“படிச்சு முடிக்கட்டும்டா” என்றேன்.

“அம்புட்டு நாள் பொறுத்தா சிமெண்டு வெலை எங்கயோ போயிரும். நீ என்ன தங்கச்சி சொல்ற?”

பின்னாலிருந்து என் மனைவி, “அவரையே கேளுங்கண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

நந்தவனத்துக்கு 7.35க்குப் போய்ச் சேர்ந்தோம். நாயக்கர் காலத்தது. மகிழ மரங்களுக்கு நடுவே சதுரமான கிணறு. அதிலிருந்து நாலு பக்கமும் பிரியும் கல் வாய்க்கால்கள். நடுவில் பதினாறு தூண் மண்டபம். தூண்களை இரண்டு முறை எண்ணினேன். ஒரு தூணின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஓர் அணில் செதுக்கியிருந்தது. வாலில் முடி முடியாகக் கோடுகள். அங்கே தோட்டம் பார்க்கிறவர் அதைக் காட்டினார்.

“இதைச் செஞ்சவன் பேரு ஏதும் இருக்காண்ணே?” என்று நண்பன் கேட்டான்.

“கல்வெட்டு இருக்கு சார். கெணறு வெட்டுனவரு பேரு இருக்கு, நெலம் குடுத்தவரு பேரு இருக்கு. வெளக்குக்கு நெய் குடுத்த ஆளு பேருகூட இருக்கு. கொத்துனவன் பேரை எவன் போட்டான்?”

நண்பன் சிரித்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

பூங்காவுக்கு வந்தபோது மணி 11.20. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேலமரங்களை வெட்டிச் சீராக்கிய மேட்டு நிலம். சிற்பங்கள் தள்ளித் தள்ளி நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் எண் எழுதிய சிறு பலகைக்கல். நான் குறிப்பேட்டை எடுத்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எண், உருவம், உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று வரிசையாக எழுதினேன்.

“எழுதுடா எழுது, ஜப்தி பண்ண வந்த மாதிரியே எழுது” என்றான் நண்பன்.

ஏழாம் எண்ணில் நின்றுவிட்டேன். திமிலை உயர்த்திக்கொண்டு வாடிவாசலை விட்டு வெளியே பாயும் காளை. கருங்கல்லில் எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. சுற்றிலும் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் என்று முடிவு செய்தேன். என் மகள் செய்வதென்றால் பெரிதாகத்தானே செய்திருப்பாள்? குறிப்பேட்டில் ஏழைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஆனாலும் முழுவதையும் பார்த்தேன். மொத்தம் பதினெட்டு. பன்னிரண்டாம் எண் மட்டும் அகப்படவில்லை. இரண்டு சுற்று வந்தேன். வாசலில் இருந்த காவலாளியிடமே போய், “பன்னிரண்டு காணோமே” என்றேன்.

“கல்லு எங்க சார் போகும்? நல்லாப் பாருங்க” என்றார்.

‘12 – இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வெயில் ஏறிவிட்டது. ஒரு வேப்ப மரத்தடியில் வட்டமாக ஒரு கல் இருக்கை கிடந்தது. முழங்கால் உயரம், நடுவில் பள்ளம். மூன்று பேரும் அதில் உட்கார்ந்தோம். என் துண்டை ஓரமாகத் தொங்கப் போட்டேன். நண்பன் ஊறுகாய் டப்பாவை நடுப் பள்ளத்தில் பத்திரமாக வைத்தான். 12.50க்கு இலை பிரித்தோம். சாப்பிட்டதும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய், ‘காளை’ என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டுத் திரும்பும் கூட்டம். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்க இறங்கி, அப்படியே சுற்றிப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களைப் பார்த்ததும் நின்று, வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏ, இங்க வாங்கடி! சும்மாடு! எம்புட்டுப் பெரிய சும்மாடு பாருங்க! சார் அதுல உக்காந்து சோறு திங்கிறாரு!”

நான் இலையோடு எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. துண்டு மறைத்திருந்த இடத்தில் பலகைக்கல். அதில் 12. இருக்கைதானே என்று இரண்டு சுற்றிலும் நான் அதன் பக்கம் போகவே இல்லை.

அப்புறம்தான் பார்த்தேன். தலையில் செங்கல்லோ மண்ணோ சுமப்பதற்குத் துணியை முறுக்கி வட்டமாகச் சுருட்டி வைப்போமே, அந்தச் சும்மாடு. துணியின் முறுக்கும் மடிப்பும் கல்லில் அப்படியே ஓடின. தொட்டால் அமுங்கும் போல இருந்தது. முறுக்கின்மேல் மெல்லிய கோடுகளாகக் கட்டங்கள். கட்டம் போட்ட பழைய கைலித் துணி.

அந்த அம்மாள் நிபுணர்போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“செஞ்சவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா இது கூட்டத் தெரியாத ஆளு கூட்டுன சும்மாடு. இம்புட்டு லூசா இருந்தா செங்கல்லு நிக்குமா? சொருகுன நுனியும் எடப்பக்கம்ல வந்திருக்கு.”

என் மனைவி கையைக் கழுவாமலேயே எழுந்து வந்தாள். அவளுக்கு எல்லா வேலைக்கும் இடது கைதான் முதலில் வரும். குனிந்து அந்தச் சொருகிய நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அது நான் கூட்டுனதுங்க” என்றாள்.

பதினாறு வருடங்களுக்கு முன் விளாங்குடி வீட்டைக் கட்டும்போது, பாதியில் சித்தாள் வேலைக்கு வந்த பெண் நின்றுவிட்டார். வேறு ஆள் வைக்க வழியில்லை. “நான் தூக்குறேன்” என்றாள் என் மனைவி. தையற்காரர் வீட்டுப் பெண், அதுவரை தலையில் எதையும் சுமந்தவள் இல்லை. என் கிழிந்த கைலியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்பத்தொரு நாள் செங்கல்லும் கலவையும் சுமந்தாள். மகளுக்கு அப்போது நாலு வயது. மணற்குவியலில் விளையாடிக்கொண்டிருப்பாள். அந்த நாற்பத்தொரு நாளும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ‘கொத்தனார் 2, சித்தாள் 1’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ‘சித்தாள் 1’ என் மனைவி. காலனியில் குடித்தனங்கள் வந்த பிறகு இதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளையும் பேச விட்டதில்லை.

“நீங்களா?” என்று அந்த அம்மாள் என் மனைவியின் பட்டுக்கரைச் சேலையை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப இதைச் செஞ்சது யாரு?”

“மெட்ராஸ்ல இருந்து யாராவது பெரிய ஆளு செஞ்சிருப்பாரும்மா” என்றான் நண்பன், ஒன்றும் புரியாமல்.

இலை என் கையிலேயே இருந்தது. என் மனைவி சொல்லியிருக்கலாம். எனக்காக விட்டு வைத்திருந்தாள்.

“என் மகள்” என்றேன். அந்தப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “என் மகள் செய்தது.”

“யாரு, நம்ம ஆர்க்கிடெக்ட்டா?” என்றான் நண்பன்.

“அவ ஆர்க்கிடெக்ட் இல்லடா. சிற்பம் படிக்கிறா. ரெண்டு வருசமா உன்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவன் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். ஊறுகாய் டப்பாவைப் பள்ளத்திலிருந்து எடுத்துத் தன் சட்டையிலேயே அதன் அடியைத் துடைத்தான். அவனுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். டப்பாவை மூடிவிட்டு, “போய்ப் புள்ளையக் கூப்பிடுடா, மொதல்ல” என்றான்.

கொட்டகைக்கு நான் தனியாகப் போனேன். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோர் மேலும் கல் தூசி. உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்து மகளை அடையாளம் கண்டேன். அருகில் போய் நின்றதும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“பன்னிரண்டு” என்றேன். இரண்டு வருடங்களில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

முகமூடியைக் கழற்றினாள். “காளைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

“காளைன்னுதான் எழுதினேன்” என்று குறிப்பேட்டைக் காட்டினேன். “அந்தப் பொம்பளைங்க வரலைன்னா அதைத்தான் வந்து சொல்லியிருப்பேன். அதுமட்டும் இல்லம்மா. உன் கல்லு மேல உக்காந்து புளியோதரை சாப்பிட்டேன்.”

அவள் சிரித்தாள். கல் தூசியில் அவள் கண்ணிமை வெளுத்துக் கிடந்தது.

“உக்காரத்தாம்பா அதைச் செஞ்சேன். வீடு கட்டும்போது சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அம்மா சும்மாட்டை எடுத்து மணல்ல போடுவாங்க. அதுல உக்கார வச்சுத்தான் எனக்குச் சோறு ஊட்டுவாங்க. நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்து வந்திருக்க மாட்டீங்க.”

ஒரு நாளும் விடாமல் எழுதிய என் நாட்குறிப்பில் இது இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு வந்தேன். அந்தப் பெண்கள் இன்னும் போகவில்லை. லாரிக்காரர் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். “இவதான் என் மக. சிற்பி” என்றேன். அந்த அம்மாள் மகளின் முகவாயைத் தொட்டு, “அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டுச் செய்யி தாயி, இறுக்கமாக் கூட்டித் தாரேன்” என்றார்.

நண்பன் ஊறுகாய் டப்பாவோடு முன்னால் வந்தான். “ஏம்மா, என் மாடி பிளானு போச்சு. வாசலுக்கு ஒரு சிலையாவது செஞ்சு குடு.”

“என்ன செய்யணும் மாமா?”

“உங்கப்பன் தலையைச் செய். கல்லுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, சீக்கிரம் முடிஞ்சிரும்.”

என் மனைவி சிரித்துப் புரையேறினாள். மகள் அவள் தலையில் தட்டினாள். பிறகு நால்வருமாக அந்தக் கல்லில் உட்கார்ந்து மிச்சப் புளியோதரையைச் சாப்பிட்டோம். நாலு பேருக்கும் இடம் இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது “பொண்ணு என்ன படிக்குது?” என்று கேட்டால், கல் செதுக்குகிறாள் என்கிறேன். பெரும்பாலும் அடுத்த கேள்வி, “அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்பதாக இருக்கிறது. தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் செய்ததைப் பற்றியும், அவளுடைய அம்மா நாற்பத்தொரு நாள் சுமந்ததைப் பற்றியும், கேட்டவர் போதும் என்கிற வரைக்கும் என்னால் சொல்லிக்கொண்டிருக்க முடிகிறது.