புளி போட்டு விளக்கிய லீவர் துப்பாக்கி

1993-இல் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் பரளச்சிக்குப் போனேன். அங்கே ஒரு விவசாயியிடம் பழைய அமெரிக்க லீவர் துப்பாக்கி விலைக்கு இருப்பதாக, மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த நண்பர் சொன்னார். விசையோடு சேர்ந்த வளையம்தான் லீவர்; அதைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்கள் குதிரைச் சேணத்தில் சொருகித் திரிந்த ரகம். வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட் துரைமாரோடு நம் பக்கமும் சில வந்தன. எனக்குப் பதினைந்து வருடக் கிறுக்கு அது.

மதுரையில் காலை 6.10 பஸ். அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஏழு ரூபாய். அங்கிருந்து 8.15-க்குப் பரளச்சி பஸ், மூன்றரை ரூபாய். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் கொன்றுவிடும். நான் உட்கார்ந்தேன்.

"கருப்பசாமி வீடா? துப்பாக்கிக்காரவுகன்னு சொல்லுங்க. முக்குல எறங்கி ஒரு கிலோமீட்டர் நடங்க" என்றார் கண்டக்டர்.

கருப்பசாமிக்கு நாற்பது வயதிருக்கும். அவர் அப்பா மலை எஸ்டேட்டில் காவலுக்கு இருந்தபோது துரையிடம் வாங்கிய துப்பாக்கி. ஊருக்கு வந்தபின் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் போட்டு வைத்திருந்தார். போன வருடம் இறந்துவிட்டார்.

கருப்பசாமியின் மனைவி பாக்கியம் அதைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. "நீங்க வாரீகன்னு புளி போட்டு வெளக்கி வச்சேண்ணே" என்றார். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு உப்புத்தாள், புளி, அப்புறம் சந்தனம் குங்குமம். சேகரிப்பவர்கள் உயிரை விடும் அந்த நீலக்கறுப்பு மெருகில் பொட்டுக்கூட மிச்சமில்லை. அழாத குறையாகச் சிரித்து வைத்தேன்.

"நம்பரும் தேஞ்சுபோச்சுண்ணே" என்றார் கருப்பசாமி. "திருச்சுழில லைசென்ஸ எம்பேருக்கு மாத்தப் போனேன். நம்பரு தெரியாம மாத்த ஏலாது, துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சிருன்னுட்டாக. அதான் விக்கிறேன்."

அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எண் முழுதாக அழியவில்லை, மங்கியிருந்தது. கடையில் எளிதாகப் படித்துவிடுவார்கள். அதைச் சொன்னால் அவர் விற்க மாட்டார்; நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் துப்பாக்கி எனக்கு. மெருகு போனாலும் ஆசை போகவில்லையே. மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, லீவர் இறுகியிருக்கிறதா என்று அறிய அவரையே இழுத்துக் காட்டச் சொன்னேன். சளக், சளக். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பாக்கியம் வாசலுக்கு வந்தார்.

"மாமனாரு இருந்தப்ப, தோட்டத்துலேர்ந்து வந்ததும் இப்பிடித்தான் இழுத்துப் பாப்பாக. சத்தம் கேட்டதும் சோறு எடுத்து வப்பேன்" என்றார். கருப்பசாமி மறுபடி இழுக்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "கொஞ்சம் திருநீறு குடுங்கம்மா" என்றேன். எண் இருந்த இடத்தில் தேய்த்துத் துணியால் மெல்ல ஒற்றினேன். பள்ளங்களில் தங்கிய திருநீற்றில் ஆறு இலக்கங்களும் வெள்ளையாகத் தெரிந்தன. பழைய லைசென்ஸில் இருந்த எண்ணோடு ஒத்துப்போயின.

"அப்ப விக்க வேண்டாமாண்ணே?" என்றார் கருப்பசாமி.

"வேண்டாம், இதைக் காட்டி உங்க பேருக்கே மாத்திக்கலாம்" என்றேன். சொல்ல வலித்தது.

போகிறவர்களுக்கு: திரும்ப மூன்று மணி பஸ்ஸை விடாதீர்கள். தண்ணீரும் பூதக்கண்ணாடியும் கொண்டுபோங்கள். உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், லீவரை வீட்டாருக்குக் கேட்கும்படி இழுக்கச் சொல்லாதீர்கள். பிறகு வாங்க மனம் வராது.