இடுப்பில் கட்டாத ஈயம்

நீர்த்தேக்கத்தின் முக்குளிப்பு அணியில் அவளுக்குப் பெயர் பசை அக்கா. பத்து வருஷம் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் ட்ரைசூட்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுப் போட்டவள். ட்ரைசூட் என்பது கழுத்திலிருந்து கால்வரை மூடி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத உடை. அடியாழத்தில் எலும்பைக் குடையும் குளிர். இந்த உடை இல்லாமல் கால் மணி நேரம்கூடத் தாங்க முடியாது. நாற்பதாவது வயதில், "ஓட்டையை மட்டும் எனக்குக் காட்டுறீங்க, தண்ணியை எப்போ காட்டுவீங்க?" என்று கேட்டவள், தேர்வெழுதித் தானும் இறங்கினாள். மதகின் கம்பிவலையில் சிக்கும் கிளைகளை அறுத்தெடுப்பதுதான் வேலை.

ட்ரைசூட்டுக்குள் இருக்கும் காற்று ஆளை மேலே தூக்கும். அதை அமுக்க இடுப்பில் ஈயக்கட்டிகள் கோர்த்த பெல்ட். அணியில் குண்டன், ஒல்லியன் எல்லோருக்கும் பதினாலு கிலோ. அது யார் போட்ட கணக்கு என்று எவரும் கேட்டதில்லை.

ஏழு வருஷம் அவளும் வாய் பேசாமல் கட்டினாள். எட்டாவது வருஷம் முதுகுத் தண்டில் ஒரு வட்டு பிதுங்கியது. இரண்டு மாதம் படுக்கை. "தண்ணிக்குள்ள போகலாம்மா, ஆனா இடுப்புல பாரம் கூடாது" என்றார் டாக்டர்.

டாக்டர் சீட்டைப் பார்த்த சூப்பர்வைசர், "அப்போ கரையிலேயே இருந்துடுங்க அக்கா. பசை டப்பா உங்களைத்தான் தேடுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டாக்டர் இடுப்பைத்தான் சொன்னார் சார், என்னைச் சொல்லலை" என்றாள் அவள்.

அன்று மாலையே முக்குளிப்புச் சாமான் கடையிலிருந்து மூன்று விதமான எடைக்கட்டுகளை இரவல் வாங்கி வந்து கூடத்தில் பரப்பினாள். கணவர் பஸ் டிரைவர். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்து ஒவ்வொன்றாக மாட்டி நடக்கவிட்டாள். "கல்யாணத்தப்போகூட இவ்வளவு பாரம் தெரியலையே" என்று முனகிக்கொண்டே அவர் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தார். முதலாவதான பெல்ட் நழுவி இடுப்பெலும்பில் தொங்கியது. இரண்டாவது, எல்லா ஈயத்தையும் முதுகிலிருக்கும் காற்றுச் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவது; அது தண்ணீர் மட்டத்தில் ஆளை மல்லாத்திவிடும். அவசரத்துக்குக் கழற்றிப்போடவும் முடியாது. மூன்றாவது, தோளில் மாட்டும் வார். விலாவுக்கு இருபுறமும் பைகள். ஒரு பையை மட்டும் தனியாக உதறலாம். பெல்ட் மொத்தமாக அவிழ்ந்தால் ட்ரைசூட்காரர் தக்கை மாதிரி மேலே பாய்ந்துவிடுவார், நுரையீரல் பிழைக்காது. அவள் மூன்றாவதில் கையை வைத்தாள்.

"ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்றார் கணவர்.

"ஒத்துக்க வைக்கணும்."

சூப்பர்வைசர் எடுத்த எடுப்பிலேயே மறுத்தார். "விதிப்புத்தகத்துல பெல்ட்தான்."

"'எளிதில் கழற்றக்கூடிய எடை'ன்னு இருக்கு. பத்தொன்பதாம் பக்கம். பெல்ட்ங்கிற வார்த்தையே அதுல இல்ல சார்."

"ஆளுக்கு ஒரு மாதிரின்னு விட்டா வேலை நடக்குமா?"

"எல்லாரும் ஒரே அளவு செருப்பா போட்டிருக்கோம்? நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் எடை பார்ப்போம். மூழ்கலைன்னா நானே கரைக்குப் போயிடறேன்."

மறுநாள் கிட்டத்தட்ட காலியான சிலிண்டரோடு இறங்கினாள். மூச்சுக்காற்று தீரத் தீரச் சிலிண்டர் லேசாகிவிடும். அப்போதும் நிலைத்து நிற்க வேண்டுமே! உடைக்குள் தேவைக்கு மேல் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு அசையாமல் நின்றாள். பதினாலு கிலோவில் கல்லாக அமிழ்ந்தாள். மேலே வந்து ஒவ்வொரு கட்டியாக எடுக்கச் சொன்னாள். பதினொன்றில் தண்ணீர் சரியாகக் கண்மட்டத்தில் நின்றது. மூச்சை விட்டதும் மெல்லத் தாழ்ந்தாள். பைக்கு நாலு கிலோ, சிலிண்டர் வாரில் இரண்டு, கால் மேலெழும்பாமலிருக்கக் கணுக்காலுக்கு அரையரைக் கிலோ. பிறகு ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு பையை உதறிவிட்டு, உடையின் தோள் வால்வு வழியே காற்றை வெளியேற்றியபடி பதறாமல் மேலே வந்தாள்.

"ஏழு வருஷமா மூணு கிலோவைச் சும்மா சுமந்திருக்கேன். பதினாலு யாரோட கணக்கு சார்?"

சூப்பர்வைசர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "நான் சேர்ந்தப்போ... எனக்குப் பார்த்தது." இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது.

அதோடு முடியவில்லை. 'உடல்நலக் குறைவை முன்னிட்டுச் சிறப்பு அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "நான் சலுகை கேட்கலை. எடை பார்த்தாச்சு, சரியா இருக்குன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?"

"ஒண்ணுன்னா மாத்தி எழுதுறதுல என்ன கஷ்டம்?"

இரண்டு நாள் அவளை இறக்கவில்லை. இரண்டு நாளும் அவள் காலையில் ட்ரைசூட்டை மாட்டி, வாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "பிடிச்ச முயலுக்கு மூணு கால்" என்று போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். "நாலையும் எண்ணிக் காட்டினேனே, நீங்கதான் பார்த்தீங்க" என்றாள். அதற்குள் மதகு வலையில் ஒரு முழு மரமே வந்து அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பழைய தாளைக் கிழித்துவிட்டு, அவள் சொன்ன வாக்கியத்தையே எழுதினார். வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வலி அடியோடு போய்விடவில்லை. கரையேறும்போது இன்றும் சுருக்கென்று இழுக்கும். அதனால் ஏறுமுன் பைகளைக் கழற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிடுவாள். கையெழுத்துப் போட்ட அந்த வாரமே அணியில் ஒல்லியானவர் ஒருவர் ரகசியமாக வந்து, "எனக்கும் எடை பார்த்துச் சொல்றீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"ரகசியமா எல்லாம் பார்க்க முடியாது. காலையில எட்டு மணிக்கு, எல்லார் முன்னாடியும்" என்றாள் அவள்.