ஜீப் நிற்கும் வாசல்

சுருளிப்பட்டியில் இன்னும் விடியவில்லை. திராட்சைத் தோட்டத்துப் பனி தெருவரைக்கும் வந்து நிற்கிறது. கம்பத்தில் வேலைக்குச் சேரப்போகும் நான், வீட்டுக்கார அம்மா தோட்ட வேலைக்குக் கிளம்புவதற்குள் வாடகைக்கு வீடு பார்க்க வந்திருக்கிறேன். அவர் சேலைமேல் முழுக்கைச் சட்டை மாட்டி, தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறார். ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை கதவில் வெளுத்துத் தொங்குகிறது.

“மாடி மூவாயிரம் சார். பின்தெருவுல ரெண்டாயிரந்தான். இங்கன வாசல்லயே ஜீப்பு நிக்கும்ல, அதான் கூட. மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போறவுக இந்தத் தெருவத்தான் கேப்பாக.”

“நான் பஸ்ஸில் கம்பத்துக்குப் போறவன்மா.”

அவர் முகம் ஒரு கணம் வாடுகிறது. “அப்ப உங்களுக்கு எதுக்கு இது? பஸ்ஸு பின்தெரு முக்குலதான் நிக்கும். அங்கனயே பாருங்க.”

ஜீப் வருகிறது. உள்ளே ஒரே சிரிப்பு. யாரோ கை நீட்டி அவரை இழுத்து ஏற்றிக்கொள்கிறார்கள். தெருவில் ஏலக்காய் வாசம் மட்டும் மிஞ்சுகிறது.

அங்கேயே நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, பனிக்கு மேலே, இன்னும் இருட்டாயிருக்கும் மலையில் சிறு வெளிச்சங்கள் ஊர்கின்றன. அவற்றில் எது அவருடைய வண்டியோ.

நான் ஒருநாளும் ஏறப்போகாத ஜீப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல். அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.